பயோம்கள் மொத்தம் எத்தனை? மழையளவைச் சொன்னால் அங்கே காடா புல்வெளியா என்று சொல்லிவிட முடியுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஒரு புத்தகம் உலகத்தில் 5 பயோம் (ஒரே மாதிரித் தட்பவெப்பமும் தாவரமும் கொண்ட பெரும் பரப்பு) என்கிறது, இன்னொன்று 9 என்கிறது, வேறொரு இடத்தில் 14 என்று இருக்கிறது, எதை நம்புவது என்பது முதலாவது. ஓர் இடத்தின் சராசரி வெப்பநிலையும் ஆண்டு மழையும் தெரிந்தால் அங்கே என்ன வளரும் என்று சொல்லிவிடலாம் என்கிறார்களே, அது மெய்தானா என்பது இரண்டாவது. கடைசி வரியில், கடல் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, பயோம் என்பது நிலத்தில் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை நம் வசதிக்கு வரைபடத்தில் கிழித்த கோடா என்பதைத்தான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எண்ணிக்கை விஷயம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நான் தாவரச் சூழலியல் படித்தவன், பிறகு பல ஆண்டுகள் அதையே வகுப்பில் நடத்தியவன். செடி, மரம், மண் பற்றிச் சொல்வதில் எனக்கு உறுதி உண்டு. விலங்குகளைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அந்தத் துறை நண்பர்களிடம் கற்றுக்கொண்டது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். பாடநூல்களில் பயோமைப் பல்லுயிர்த் தொகுதி என்று போடுகிறார்கள். ஒரே மாதிரித் தட்பவெப்பம், அதற்கேற்ப ஒரே மாதிரித் தோற்றம் கொண்ட தாவரங்கள், அவற்றை அண்டி வாழும் விலங்குகள், இவை சேர்ந்த பெரும் நிலப்பரப்பு என்பது பொருள். இதில் 'தோற்றம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இனமும் குடும்பமும் வேறாக இருக்கலாம், உருவம் ஒத்துப்போனால் போதும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளிக் குடும்பத்துச் செடி. சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம், ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் தமிழில் இரண்டையும் கள்ளி என்றுதான் சொல்கிறோம், ஏனென்றால் இரண்டும் சதைப்பற்றுள்ள தண்டு, முள், நீரைச் சேமிக்கிற உடம்பு என்று ஒரே வேலையைச் செய்கின்றன. அமெரிக்கப் பாலைவனங்களில் நிற்கும் கள்ளியையும் ஆப்பிரிக்க வறண்ட நிலத்தில் நிற்கும் பால்கள்ளியையும் தொலைவிலிருந்து பார்த்தால் படித்தவர்களே ஏமாறுவார்கள். பயோம் என்று பிரிக்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். உறவைப் பார்க்காமல் உருவத்தைப் பார்க்கிறார்கள்.

இப்போது எண்ணிக்கை. ஜெர்மானியரான ஹைன்ரிக் வால்டர் தட்பவெப்பத்தை வைத்து 9 மண்டலங்களாகப் பிரித்தார். உலக வனவிலங்கு நிதியத்தின் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட வரைபடத்தில் நிலத்துக்கு மட்டும் 14 பயோம்கள், அவற்றுக்குள் 867 சூழல் பகுதிகள். அலையாத்திக் காட்டைத் தனிப் பயோமாக வைத்தது அவர்கள்தான். பள்ளிப் பாடத்தில் காடு, புல்வெளி, பாலைவனம், துந்திரா, நீர்நிலை என்று ஐந்தில் முடித்துவிடுவார்கள். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஊசியிலைக் காடுகளை எல்லாம் ஒரே கூடையில் போடுவதா, மலைமேல் இருப்பதைத் தனியே எடுப்பதா என்பது எந்த வேலைக்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதுங்கள், வம்பு வேண்டாம்.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் தட்பவெப்பப் பிரிவு விளாதிமிர் கோப்பென் போட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, கிரிமியாவில் பள்ளி சென்று, இரண்டுக்கும் இடையே பயணம் செய்யும்போது வழியெல்லாம் தாவரங்கள் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர். 1900-இல் அவர் தன் பிரிவுகளை வகுத்தபோது, ஏற்கெனவே அல்ஃபோன்ஸ் தெ காந்தோல் என்ற தாவரவியலாளர் பிரித்து வைத்திருந்த தாவரக் குழுக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் எல்லையும் எந்த வெப்பநிலைக்கோட்டோடு ஒத்துப்போகிறது என்று தேடினார். மிகச் சூடான மாதத்தின் சராசரி 10 டிகிரி செல்சியஸைத் தொடாத இடத்தில் மரம் நிற்கவில்லை, ஆகவே அதற்கப்பால் துந்திரா. மிகக் குளிர்ந்த மாதமும் 18 டிகிரிக்குக் கீழே போகாத இடம் வெப்பமண்டலம். அதாவது தாவரத்தைப் பார்த்துத்தான் தட்பவெப்பக் கோடே போடப்பட்டது. பிறகு நாம் அந்த வரைபடத்தைத் தாவர வரைபடத்தின் மேல் வைத்து, 'அடடா, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது' என்று வியக்கிறோம். பொருந்தாமல் எங்கே போகும்!

அதற்காக எல்லாமே கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டி வெயில் செங்குத்தாக விழுகிறது, சூடான ஈரக் காற்று மேலே ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த அந்தக் காற்று வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து, ஏறத்தாழ 30 டிகிரி அட்சத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகிறது, சூடான காற்றில் மேகம் கட்டுவதில்லை. உலக உருண்டையில் 30 டிகிரியை ஒட்டி விரலை ஓட்டிப் பாருங்கள்: சகாரா, அரேபியா, சொனோரா, தெற்கே கலகாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. இது தற்செயல் இல்லை, காற்றோட்டத்தின் நேரடி விளைவு.

அப்புறம் இதைக் குலைப்பவையும் உண்டு. எகிப்தின் அஸ்வான் 24 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே ஆண்டு மழை சில மில்லிமீட்டர்கூடத் தேறாது. மேகாலயாவின் மவ்சின்ராம் 25 டிகிரியில் இருக்கிறது, அங்கே ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. அட்சரேகையில் இருக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு டிகிரி. ஒரு பக்கம் இறங்கும் வறண்ட காற்று, மறுபக்கம் கடலிலிருந்து வரும் பருவக்காற்றை மலை மறித்து மேலே தள்ளுகிறது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அட்டகாமா கடலை ஒட்டியே கிடந்தும் உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று. கடலில் ஓடும் குளிர் நீரோட்டம் காற்றை மேலே எழ விடுவதில்லை, கிழக்கே ஆண்டிஸ் மலை அமேசான் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது. நமீப் பாலைவனத்திலும் அதே மாதிரி குளிர் நீரோட்டம். அங்கே மழைக்குப் பதில் மூடுபனி. விடியற்காலையில் ஒரு கருவண்டு மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்திக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். முதுகில் பனி படிந்து துளியாகத் திரண்டு வாய்க்கு வழிந்து வரும், அதைத்தான் குடிக்கும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளரின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, மறுபக்கம் ஆண்டு மழையளவு, நடுவில் முக்கோண வடிவில் எல்லாப் பயோம்களும் வண்ணம் வண்ணமாக. அதைத்தான் 'இரண்டு எண் போதும்' என்று சொல்லித் தருகிறார்கள். வகுப்பில் நான் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. ஊரின் பெயரைக் கத்தரித்துவிட்டு வெப்பநிலை, மழை எண்களை மட்டும் கொடுத்து, அங்கே என்ன நிற்கிறது என்று எழுதச் சொல்வேன். முதலில் சுலபமானவை, எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். அப்புறம் மூன்று சீட்டுகளைச் சேர்த்துக் கொடுப்பேன். முதல் சீட்டில் ஆண்டு மழை 140 மில்லிமீட்டர் அளவு, சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. இரண்டாவதில் மழை சுமார் 180, சராசரி 24. மூன்றாவதில் மழை அதே 180 அளவு, சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 14.

இரண்டாவது பாலைவனம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது அரிசோனாவின் ஃபீனிக்ஸ். முதலாவது துந்திரா என்று பாதிப் பேர் சொல்வார்கள், அதுவும் சரி, அலாஸ்காவின் வட நுனியில் உள்ள உட்கியாக்விக். மூன்றாவதுதான் கண்ணி. முதலாவதைவிடக் குளிர் அதிகம், ஆகவே அது துந்திராவையும் தாண்டிய பனிப்பாழ் என்று எழுதுவார்கள். அது சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க். அங்கே காடு நிற்கிறது, லார்ச் மரக்காடு.

எப்படி? மரத்துக்கு ஆண்டுச் சராசரியைப் பற்றிக் கவலை இல்லை, கோடையில் வளர எத்தனை நாள் கிடைக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. உட்கியாக்விக்கில் ஜூலைச் சராசரி 5 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கடல் பக்கத்தில் இருப்பதால் கோடையே வருவதில்லை. வெர்கோயான்ஸ்க் நிலத்தின் உட்பகுதி. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி என்றாலும் ஜூலையில் 16 டிகிரி வரை ஏறிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 67.8 டிகிரியைப் பதிவு செய்த அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி பதிவானது. குளிர்காலத்தை லார்ச் எப்படிச் சமாளிக்கிறது என்றால், ஊசியிலை மரமாக இருந்தும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றுவிடுகிறது. இலை இருந்தால் வேர் உறைந்து கிடக்கும் காலத்திலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். 180 மில்லிமீட்டரில் ஃபீனிக்ஸில் கள்ளி வளர்கிறது, சைபீரியாவில் காடு வளர்கிறது என்றால் மழையளவு மட்டும் பேசிப் பயனில்லை. வந்த நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஃபீனிக்ஸில் வெயில் இழுத்துக்கொள்ள முடியும் நீர், பெய்கிற நீரைப் போல் பல மடங்கு. சைபீரியாவில் ஆவியாவது கொஞ்சம், கீழே நிரந்தர உறைபனி இருப்பதால் மண்ணுக்குள் இறங்கி ஓடவும் வழியில்லை. கோடையில் மேல்மண் மட்டும் இளகி, நீர் வேருக்கு எட்டும் ஆழத்திலேயே தேங்கி நிற்கும். துந்திராவும் இப்படித்தான். எண்ணை மட்டும் பார்த்தால் பாலைவனம், காலை வைத்தால் சேறு. கோடையில் அங்கே கொசு மொய்ப்பதற்கும் வாத்தும் உள்ளானும் கூடு கட்ட வந்து குவிவதற்கும் அந்தத் தேங்கிய நீர்தான் காரணம். அங்கே வளரும் வில்லோ மரவகைதான், ஆனால் கணுக்கால் உயரம்கூட வராது. தரையோடு தரையாகக் கிடந்தால் காற்று கம்மி, வெயிலில் மண் சூடும் கிடைக்கும். மெத்தை போல் உருண்டு நெருங்கி வளரும் செடிகளின் உள்ளே வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். வானிலை நிலையத்தின் வெப்பமானி மனித உயரத்தில் காட்டும் எண் அந்தச் செடிக்குப் பொருந்தவே பொருந்தாது.

மழைக்காட்டைப் பற்றி எல்லோரும் நினைப்பது, இவ்வளவு பச்சை என்றால் மண் கொழுத்திருக்கும் என்பது. அமேசானின் பெரும்பகுதியில் நிலைமை நேர்மாறு. பல லட்சம் ஆண்டு மழை மண்ணிலிருந்த சத்தைக் கழுவிவிட்டது, மிச்சமிருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண். சத்து மண்ணில் இல்லை, மரத்திலும் சருகிலும் இருக்கிறது. இலை விழுந்த சில மாதங்களில் பூஞ்சையும் கறையானும் அதைப் பிரித்துவிட, மேலோட்டமாகப் பின்னிக் கிடக்கும் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். காட்டை வெட்டி எரித்தால் சாம்பலில் சில ஆண்டு நன்றாக விளையும், பிறகு மண் கைவிட்டுவிடும். இதுவரை சொன்னது உறுதி. இனி சொல்வதில் சந்தேகம் உண்டு. அமேசான் இழக்கும் பாஸ்பரஸை ஈடுகட்டுவது சகாரா தூசி என்றும், சாட் நாட்டில் வற்றிப்போன ஏரிப்படுகையிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிறது என்றும் படித்திருப்பீர்கள். 2015-இல் செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து ஆண்டுக்கு 22,000 டன் பாஸ்பரஸ் என்று கணக்கிட்டார்கள். தூசி வருவது மெய். ஆனால் 2019-இல் வந்த வேறொரு ஆய்வு, அந்தப் பாஸ்பரஸில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவில் எரியும் புல், மரங்களின் புகையிலிருந்து வருகிறது என்றது. எந்தப் பங்கு எவ்வளவு என்று இன்னும் தீரவில்லை. அதேபோல, அமேசான் தன் மழையில் ஒரு பகுதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதில் ஐயமில்லை, மரங்கள் விடும் ஆவி மேற்கே போய் மறுபடி மழையாகிறது. அது கால் பங்கா, பாதியா என்பதில்தான் கணக்குகள் வேறுபடுகின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே தட்பவெப்பம் காட்டை உண்டாக்குகிறது என்பதோடு காடும் தட்பவெப்பத்தை உண்டாக்குகிறது.

இப்போது சிக்கலான பகுதி: ஒரே மழை, ஒரே வெப்பம், ஆனால் ஓரிடத்தில் காடு, பக்கத்திலேயே புல்வெளி. இது விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள், நிலத்தின் பெரும்பரப்பில் இதுதான் நிலைமை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை மழை பெறும் வெப்பமண்டலப் பகுதிகளைச் செயற்கைக்கோளில் பார்த்தபோது, மழை கூடக்கூட மரங்கள் படிப்படியாக நெருங்கி வரும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. அடர்ந்த காடு இருக்கிறது, மரங்கள் சிதறி நிற்கும் சவானா இருக்கிறது, இரண்டுக்கும் நடுவிலான நிலை அரிதாகவே இருக்கிறது. 2011-இல் வெளிவந்த இந்த ஆய்வுகள் துறைக்குள் பலருடைய பேச்சை மாற்றின.

நடுவில் நின்று இதைப் பிரித்து வைப்பது தீ. சவானாப் புல் மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்து, வறண்ட காலத்தில் காய்ந்த வைக்கோலாக நிற்கும். மின்னலோ மனிதக் கையோ ஒரு பொறி போட்டால் போதும். புல்லின் வளர்முனை மண்ணுக்கடியில் பத்திரமாக இருப்பதால் அது மறுபடி துளிர்த்துவிடும். இளமரத்தின் முனையோ தீ நாக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. கருகி, அடியிலிருந்து துளிர்த்து, அடுத்த தீயில் மறுபடி கருகி, இப்படியே பத்து இருபது ஆண்டுகள் இடுப்பளவிலேயே நின்றுவிடும் கன்றுகள் உண்டு. வெட்டிப் பார்த்தால் மேலே விரல் தண்டி குச்சி, கீழே தொடை தண்டி வேர். இரண்டு மூன்று ஆண்டு தீ வராமல் போனால்தான் தலையைத் தீக்கு மேலே தூக்கும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 1954-இல் ஆரம்பித்த ஒரு பரிசோதனை இன்றும் நடக்கிறது. நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிக்கிறார்கள், சிலவற்றில் தீயே விடுவதில்லை. மழை கூடுதலாக உள்ள பகுதியில், தீ படாத துண்டில் மரங்கள் பெருத்துப் புதராக மூடிக்கொண்டன. பக்கத்திலேயே ஆண்டுதோறும் எரியும் துண்டு வெட்டவெளி. மேலே பெய்தது ஒரே மழை.

தீயை நிறுத்துவது எது என்று கேட்டால் அங்கே விலங்கு வருகிறது, இதற்கு கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியான செரங்கெட்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1890-ஐ ஒட்டி மாட்டுக்கு வரும் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் புகுந்து, கால்நடைகளையும் காட்டுமான் வகையான வில்டபீஸ்ட்டையும் வாரிக்கொண்டு போனது. பிறகு பல பத்தாண்டுகள் வில்டபீஸ்ட் கன்றுகளை அந்த நோய் விடவில்லை. 1950-களில் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள், 1960-களில் நோய் காட்டிலிருந்தும் மறைந்தது. வில்டபீஸ்ட்டுக்கு யாரும் ஊசி போடவில்லை, மாட்டிடமிருந்து தொற்று வருவது நின்றது, அவ்வளவுதான். 1960-களின் ஆரம்பத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த கூட்டம் 1970-களின் இறுதிக்குள் 13 லட்சத்தை எட்டியது. அவ்வளவு வாய்கள் மேய்ந்ததும் எரிய வைக்கோல் மிஞ்சவில்லை. தீ குறைந்தது. தீ குறைந்ததும் மரங்கள் எழுந்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்த கதை இது. இத்தனை காலமும் அங்கே மழையளவு பெரிதாக மாறவில்லை. வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மழை வெப்பம் என்று இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு செரங்கெட்டியில் எத்தனை மரம் நிற்கும் என்று சொல்ல முயன்றவர் எந்த ஆண்டில் சொன்னாரோ அதைப் பொறுத்து சரியாகவோ தப்பாகவோ போயிருப்பார்.

தீயை எதிர்கொள்வதோடு நிற்காமல் தீயையே எதிர்பார்த்து வாழும் பயோமும் உண்டு. கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்ற தலைகீழ்த் தட்பவெப்பம் உலகத்தில் ஐந்தே இடங்களில்தான் பெரிதாக இருக்கிறது: மத்தியதரைக் கடலைச் சுற்றி, கலிபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஐந்திலும் தடித்த, விறைத்த, சிறிய இலைகள் கொண்ட புதர்கள். கேப் பகுதியில் மட்டும் 9,000 வகைத் தாவரங்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் கிடையாது. அங்கே பல விதைகள் நீர் ஊற்றினால் முளைக்காது, புகை பட்டால்தான் முளைக்கும். எரிந்த செடியின் புகையில் உள்ள எந்த வேதிப்பொருள் விதையை எழுப்புகிறது என்பதை 2004-இல்தான் பிரித்தெடுத்தார்கள். வட அமெரிக்க ஊசியிலைக் காட்டில் ஜாக் பைன் வேறு வழி வைத்திருக்கிறது. கூம்புகளைப் பிசின் வைத்து அடைத்து மரத்திலேயே தொங்கவிட்டிருக்கும், தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் விதை சாம்பல்மேல் கொட்டும்.

மித வெப்ப இலையுதிர் காட்டையும் புல்வெளியையும் வேகமாகத் தாண்டுகிறேன், அவற்றைப் பற்றிப் பாடநூல்கள் சொல்வதே போதுமானது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்டெப்பி (யூரேசியா), பிரெய்ரி (வட அமெரிக்கா), பாம்பாஸ் (தென் அமெரிக்கா) புல்வெளிகளில் செடியின் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழேதான். ஆண்டுதோறும் மடியும் வேர்கள் முழுதாக அழுகாமல் சேர்ந்து சேர்ந்து கரிய மண்ணாகின்றன. மழைக்காட்டில் சத்து மேலே, இங்கே கீழே. அதனால்தான் மழைக்காட்டை அழித்தவனுக்குச் சில ஆண்டு விளைச்சல் கிடைத்தது, புல்வெளியை உழுதவனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கோதுமை கிடைத்தது. இதன் விளைவு, வரைபடத்தில் பிரெய்ரி என்று மஞ்சளாகப் பூசியிருக்கும் இடத்தில் இன்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மக்காச்சோளமும் கோதுமையும் சோயாவும்தான். அங்கே கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமை 1880-களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. பயோம் வரைபடம் காட்டுவது மனிதன் கை வைக்காவிட்டால் என்ன இருந்திருக்கும் என்ற ஊகத்தைத்தான், ஆனால் அதை எந்த வரைபடமும் ஓரத்தில் எழுதுவதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் எர்ல் எல்லிஸும் நவீன் ராமன்குட்டியும் 2008-இல் வயல், மேய்ச்சல் நிலம், ஊர் எல்லாவற்றையும் சேர்த்து மனிதப் பயோம்கள் என்று தனி வரைபடமே போட்டார்கள். பனி மூடாத நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மனிதக் கை பட்டது என்பது அவர்கள் முடிவு.

காலத்தையும் மறக்கக் கூடாது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை சகாராவின் பெரும்பகுதி புல்லும் ஏரியுமாக இருந்தது. அல்ஜீரியாவின் தாசிலி மலைப் பாறைகளில் ஒட்டகச்சிவிங்கியையும் மாட்டு மந்தையையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தக் காலத்தில் வட அரைக்கோளத்தின் கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் இருந்தது, பருவமழை வடக்கே வெகுதூரம் ஏறியது. காரணம் இதுதான் என்பது தெளிவு. சகாரா சட்டென்று காய்ந்ததா, படிப்படியாகக் காய்ந்ததா, மேய்ச்சல் மாடுகளுக்கு அதில் பங்கு உண்டா என்பதெல்லாம் இன்னும் வாதத்தில் இருக்கின்றன.

ஆக, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால்: வெப்பமும் நீரும் ஓரத்து எல்லைகளை உறுதியாகப் போடுகின்றன. மிகக் குளிர்ந்த இடம், மிக வறண்ட இடம், ஆண்டு முழுதும் நனைந்த இடம் மூன்றிலும் எண்ணைப் பார்த்து நம்பிக்கையோடு சொல்லலாம், அதுவும் ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு மாதவாரியாகப் பார்த்தால். நடுவில் உள்ள பெரும் நிலத்தில் எண் சொல்வது எது எது வளர முடியும் என்பதை. எது வளர்ந்து நிற்கிறது என்பதைத் தீயும் மேய்ச்சலும் மண்ணும் பழைய வரலாறும் சொல்கின்றன. இது ஏட்டுச் சண்டை இல்லை. 2019-இல் ஓர் ஆய்வு, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் மரப் போர்வைக்கு இடமிருக்கிறது என்று தட்பவெப்பத்தையும் மண்ணையும் வைத்துக் கணக்குச் சொன்னது. சவானா, புல்வெளி ஆய்வாளர்கள் உடனே எதிர்த்தார்கள். மழை போதும் என்பதால் அது காடாக வேண்டிய இடம், யாரோ அழித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டது அடிப்படைத் தப்பு, அவற்றில் பல இடங்கள் பல லட்சம் ஆண்டுகளாகவே புல்வெளி என்றார்கள். என் சார்பைக் கேட்டால் நான் எதிர்த்தவர்கள் பக்கம். புல்வெளியைச் சீரழிந்த காடாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

கடைசியாகக் கடல். நிலத்தில் பயோமைப் பிரிக்கும் மழைக்கு அங்கே அர்த்தமே இல்லை. வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, அடியிலிருந்து சத்து மேலே வருகிறதா என்ற இரண்டும்தான் அங்கே பேச்சு. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சம் மேலே உள்ள 200 மீட்டருக்குள் முடிந்துவிடும், கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டரை ஒட்டியது. அட்டகாமாவையும் நமீபையும் வறளவைக்கும் அதே குளிர்ந்த கரையோரங்களில் அடிநீர் மேலெழுந்து சத்தைக் கொண்டுவருவதால், உலகத்திலேயே மீன் செழித்த பகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. கரையில் புல் முளைக்காது, நூறு அடி தள்ளிக் கடலில் நெத்திலிக் கூட்டம் கறுப்பாகத் திரளும். இதற்கு மேல் கடலைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. கடலியல் படித்த யாராவது தொடர்ந்து எழுதினால் நானும் படித்துக்கொள்கிறேன்.